கஜந்தினி: பலகையில் எண்ணெய் வண்ணம்

சென்ட் லோரன்ட்
27 பெப்ரவரி 2023

தாட்சாயினி தங்கச்சிக்கு,

இது சிவமலர், உம்மட அத்தான் பிரசாந்தின்ர அக்கா. பேரைப் பாத்தவுடனை கிழிச்சுப் போடாமல் கடைசி வரைக்கும் வாசியும். என்ர நம்பரை நீர் போனில தடுத்து வைச்சிருக்கிறீர். அதாலதான் கடிதம். முத்திரை எங்கை விக்கிறது எண்டுகூட மறந்து போச்சு. முடக்கில இருக்கிற டெப்பனர்க் கடையில கேட்டுத்தான் வாங்கினன்.

கஜாவின்ர செத்தவீட்டில நீர் கதைச்சதைப் பற்றி எழுத நான் வரேல்லை. ஐயர் நிக்க, கோயில் ஆக்கள் நிக்க, "அக்கா இவையின்ர வீட்டை விட்டு வெளிக்கிட்டு வந்தவ, இவர் ஏன் கிரியை செய்யிறார்" எண்டு கேட்டீர். அதுக்குப் பிறகு அப்பா உம்மட பேரைச் சொல்லுறதில்லை. "அந்தப் பிள்ளை" எண்டுதான் சொல்லுறார். ஆனந்தராசா முதலாளி ஒராளை "பிள்ளை" எண்டு சொன்னால் அதிலும் ஒரு மரியாதை இருக்கு எண்டு வைச்சுக்கொள்ளும்.

விசயம் இதுதான். எங்கட கலியாண மண்டபத்து வாசலில கஜாவின்ர படம் ஒண்டு பெரிசா வைக்க வேணும் எண்டு அப்பா நினைக்கிறார். ஃபோட்டோ இல்லை, கையால கீறினது. அந்தக் காலத்து ராசா வீட்டு ஆக்களின்ர படம் மாதிரி. நீர் பல்கலைக்கழகத்தில அதைத்தானே படிக்கிறீர், இத்தாலிப் பெரிய குடும்பங்கள், அவையின்ர பெண்டுகளின்ர படங்கள். "அவளே கீறட்டும், தமக்கையின்ர முகம் அவளுக்குத்தான் தெரியும்" எண்டு நான் சொன்னன். அப்பா கொஞ்சம் யோசிச்சுப்போட்டு ஓம் எண்டார்.

கூறைச் சேலை, தாலிக்கொடி, பொட்டு. சுமங்கலியா. அது ஒண்டுதான் அவர் கேட்டது.

கீறினால் நீர் மிதுராவைப் பாக்கலாம் எண்டும் சொன்னார். இதை எழுத எனக்கு வெக்கமாக் கிடக்கு. தாயில்லாத நாலு வயதுப் பிள்ளையை வைச்சுப் பேரம் பேசுற மாதிரி. ஆனால் சொன்னதைச் சொல்லுறன்.

பதில் போடும்.

சிவமலர்


செயின்ட்-மிஷேல்
5 மார்ச் 2023

சிவமலர் அக்கா,

கிழிக்கவில்லை. இரண்டு தரம் வாசித்தேன்.

முடியாது.

ஏன் என்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

நான் படிக்கும் படங்களில் ஒரு வகை உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டு, புளோரன்ஸ் நகரம். மணப்பெண்ணைப் பக்கவாட்டில் வரைவார்கள். ஒரு கண், ஒரு காது, நீண்ட கழுத்து. அவள் எங்களைப் பார்க்கமாட்டாள். நாங்கள்தான் அவளைப் பார்க்கலாம். சட்டைக் கையில் புருஷன் வீட்டுச் சின்னம். தலையில் முத்து, மார்பில் பதக்கம். எல்லாம் அந்த வீட்டார் போட்டது. போட்டது என்றால் கொடுத்தது அல்ல. கொஞ்சக் காலம் போனதும் அவை பெட்டிக்குத் திரும்பிவிடும். படத்தில் மட்டும் அவள் கழுத்தில் கிடக்கும். சில பெண்கள் படம் வரையும்போது உயிரோடே இல்லை. பிள்ளை பெற்றுச் செத்தவர்கள். வீட்டுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. வரைந்தார்கள்.

நாலு வருடமாக இதைப் படிக்கிறேன். படித்ததை இப்போது செய்யச் சொல்கிறீர்கள்.

போன கார்த்திகையில் அக்கா பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்தாள். வந்த கிழமையே கொடியைக் கழற்றி ஒரு சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடினாள். நீங்கள்தான் வந்து வாங்கிக்கொண்டு போனீர்கள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றீர்கள். தேத்தண்ணி வேண்டாம் என்றீர்கள். தை மாதம் என் சமையலறையில் அவள் விழுந்தாள். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். செத்தவீட்டில் பார்த்தால் அதே கொடி மறுபடி அவள் கழுத்தில். பெட்டி மூடுவதற்கு முன் ஐயர் அதைக் கழற்றி உங்கள் அம்மாவின் கையில் கொடுத்தார். ஒரு பின்னேரத்துக்கு மட்டும் அவள் திரும்பவும் உங்கள் வீட்டு மருமகள்.

அடித்தாரா, குடித்தாரா என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள். இல்லை. "அந்த வீட்டில எல்லாம் முடிஞ்ச பிறகுதான் எனக்குத் தெரியும் தாட்சா" என்றாள். எந்தக் கார், எந்தக் கார்டெரிக் காப்பகத்தில் பிள்ளையை விடுவது, மண்டபத் திறப்புக்கு அவள் என்ன நிறத்தில் சேலை கட்டுவது. அவ்வளவுதான் காரணம். சின்னக் காரணம் என்பதால் யாரும் நம்பவில்லை.

மிதுரா சாப்பிடுகிறாளா? தயிரை வேறு கிண்ணத்தில் வையுங்கள். சோற்றில் பட்டால் தொடமாட்டாள். இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தாட்சாயினி


சென்ட் லோரன்ட்
13 மார்ச் 2023

தாட்சாயினிக்கு,

தயிர் விசயம் எழுதினது நல்லதாப் போச்சு. பிள்ளை கோப்பையைத் தள்ளி விடுறாள் எண்டு அம்மா ஒவ்வொரு நாளும் பேசிக்கொண்டு இருந்தவ.

வாசலில நிண்டதுக்கும் காரணம் சொல்லுறன். கீழை கார் ஓடிக்கொண்டு நிண்டது. அப்பா உள்ளுக்கு இருந்தவர். நான் உள்ளை வந்து இருந்திருந்தால் எழும்பிப் போயிருக்க மாட்டன்.

நீர் மாட்டன் எண்டால் படம் வராமல் போகாது. ஆனி மாதம் கோயில் நிர்வாக சபைத் தெரிவு. அப்பாவை எதிர்த்து நிக்கிற இரவிச்சந்திரனின்ர ஆக்கள் அன்னதானப் பந்தியில இருந்துகொண்டே கதைக்கினம். "மருமகளையே வைச்சிருக்கத் தெரியாதவர் கோயிலை வைச்சிருப்பாரோ." அப்பாவுக்குக் கேக்க வேணும் எண்டுதான் கதைக்கினம். அதால படம் வந்தே தீரும். நீர் கீறாட்டி ஃபோட்டோவைச் சென்னைக்கு அனுப்புவார். அங்கை பாத்துக் கீறித் தாற ஆக்கள் இருக்கினம். போன வருசம் அப்பப்பாவின்ர படம் அப்பிடித்தான் வந்தது. ஆள் சினிமாவில வாற ஜமீன்தார் மாதிரி நிக்கிறார். அவருக்கு உயிரோட இருக்கேக்கை மீசையே இல்லை. அப்பா பாத்திட்டு, "பரவாயில்லை, கம்பீரமா இருக்கு" எண்டார்.

கொடி எப்பிடியும் இருக்கும் தங்கச்சி. முகம்தான் வேற ஆரின்ரையோவா இருக்கும்.

இன்னொண்டு. மாசி மாதம் முழுக்க மிதுரா "அம்மா எங்கை" எண்டு கேட்டவள். இப்ப கேக்கிறதில்லை. முந்தநாள் மளிகைக் கடைக் கலண்டரில லட்சுமி படத்தைக் காட்டி, "மாமி, சே மமான்?" எண்டு கேட்டாள். நகை போட்ட பொம்பிளை எண்டால் தாய் எண்டு நினைக்கிறாள் போல. அதுவும் பிரெஞ்சில கேக்கிறாள்.

சிவமலர்


செயின்ட்-மிஷேல்
19 மார்ச் 2023

அக்கா,

வரைகிறேன்.

லட்சுமி படத்துக்காக. உங்கள் அப்பாவுக்காக அல்ல.

பக்கவாட்டில் வரையமாட்டேன். நேரே. வாசலில் வருகிறவர்களை அவள் பார்க்க வேண்டும்.

பலகையில், எண்ணெய் வண்ணத்தில். ஒரு பூச்சுக் காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. அவசரப்படுத்த முடியாது. கழுத்தை முழுதாக வரைந்துவிட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கொடி.

சனிக்கிழமைகளில் மிதுரா இங்கே வர வேண்டும். படம் முடிந்த பிறகு அல்ல. வரைகிற காலம் முழுதும். நீங்களே கொண்டுவந்து விட்டு, நீங்களே கூட்டிப் போங்கள்.

கஜாவுடைய ஃபோட்டோக்கள் எல்லாம் வேண்டும். என்னிடம் இருப்பவை கொஞ்சம். எங்கள் வீட்டில் எப்போதும் அவள்தான் எடுப்பாள். எடுக்கிறவள் படத்தில் இருப்பதில்லை.

உங்கள் நம்பரை விடுவித்துவிட்டேன். ஆனாலும் எழுதுங்கள். போனில் எனக்கு உங்களோடு சண்டைதான் வரும்.

தாட்சாயினி


சென்ட் லோரன்ட்
22 மே 2023

தாட்சாவுக்கு,

மிதுராவின்ர ஜம்பர்க் கையில பச்சை. ரெண்டு தரம் தோய்ச்சும் போகேல்லை. அம்மா பேசினவ. "படம் கீறுறாவோ, பிள்ளைக்குப் பூசி விளையாடுறாவோ?" மிதுரா திருப்பிச் சொன்னாள்: "அப்பம்மா, முகத்துக்கு முதல் பச்சைதான் பூச வேணும். பேந்துதான் மனிச நிறம் வரும். உங்களுக்குத் தெரியாதே?" அம்மா குசினிக்குள்ளை போட்டா. நான் எங்கட மளிகைச் சாமான் வெயார்ஹவுசுக்குப் போய்ச் சிரிச்சன்.

போன சனிக்கிழமை கூட்ட வரேக்கை பலகையைப் பாத்தன். படம் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. ஆனால் வெயார்ஹவுஸ் கணக்கு முழுக்க நான்தான் பாக்கிறன், ஒரு சாமான் அசையாமல் கிடந்தால் எனக்குத் தெரியும். சித்திரையில மூக்கு முடிஞ்சு இருந்தது. பேந்து அழிச்சீர். இந்த மாதத் துவக்கத்தில திரும்பவும் முடிஞ்சு இருந்தது. இப்ப பாத்தால் மறுபடியும் பச்சை.

அப்பா கேட்டார், "எப்ப முடியுமாம்?" "இன்னும் காயேல்லையாம்" எண்டன். "இவ்வளவு நாளும் காயாத பெயின்ற் என்ன பெயின்ற்?" "இத்தாலிப் பெயின்ற்" எண்டன். அவர் தலையை ஆட்டினார். விலை கூடின சாமான் எண்டு நினைச்சிருப்பார்.

அப்பாவுக்கு நான் இது வரைக்கும் பொய் சொன்னதில்லை. சொல்லிப்போட்டு விட்ட இடத்திலை இருந்து கணக்கைப் பாத்தன்.

சனிக்கிழமைகளில எனக்கும் ரெண்டு மணித்தியாலம் கிடைக்குது. கீழை கோப்பிக் கடையில சும்மா இருக்கிறன். ஒராள் வந்து என்னட்டை எதுவும் கேக்காத ரெண்டு மணித்தியாலம். அதனால, மூக்கு விசயத்தில உமக்கு என்ன வசதியோ அப்பிடிச் செய்யும்.

சிவமலர்


செயின்ட்-மிஷேல்
26 ஜூன் 2023

மலரக்கா,

நேற்று ஊர் முழுக்கப் புகை. வடக்கே காடு எரிகிறது. யன்னல் திறக்க முடியவில்லை. எண்ணெய் மணம் அறைக்குள்ளேயே நின்றது. எதிர்வீடு தெரியவில்லை. நல்லவேளை, மிதுரா அதற்கு முதல் நாளே வந்துவிட்டுப் போய்விட்டாள்.

மூக்கைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நன்றி என்று எழுதினால் சரியாக இல்லை. வேறு சொல் தெரியவில்லை.

ஆனால் இப்போது நான் வேண்டுமென்று தாமதிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆல்பத்தில் நூற்றுக்கணக்கில் படம். எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு. ஃபோட்டோக்காரர் சொல்லிச் சிரித்தது. அவள் சிரிக்காமல் இருக்கும்போது வாய் எப்படி இருந்தது? யோசித்தால் வருகிறது. தூரிகையைத் தொட்டதும் போய்விடுகிறது. கடை வாயில் ஒரு சின்ன இழுப்பு இருந்தது, இடது பக்கமா, வலது பக்கமா? முப்பது வருடம் எதிரே இருந்து சாப்பிட்டிருக்கிறேன்.

கண்ணாடியைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாடி என்று அம்மா இருந்த காலத்தில் சொல்லுவா. வாயும் கிட்டத்தட்ட அப்படித்தான். தெரியாத இடங்களுக்கு மட்டும் பார்க்கிறேன்.

என் பேராசிரியர் கிறகரி ஒரு நாள் வந்து பார்த்தார். அந்தக் காலத்தில் செத்த பெண்ணை ஓவியர் கண்டே இருக்கமாட்டார், வீட்டார் சொன்னதை வைத்து வரைவார் என்றார். "வீட்டார் அவள்தான் என்று ஏற்றுக்கொண்டால் அது அவள்தான்." ஆய்வேட்டில் இதை நானும் எழுதியிருக்கிறேன். எழுதியபோது நல்ல வாக்கியமாக இருந்தது.

கோயில் தெரிவில் உங்கள் அப்பா வென்றாராம். கடையில் கதைத்தார்கள். படம் இல்லாமலே வென்றுவிட்டார். அப்படியானால் படம் இன்னும் ஏன்?

தாட்சா


சென்ட் லோரன்ட்
14 ஆகஸ்ட் 2023

தாட்சா,

படம் ஏன் எண்டு கேட்டிருந்தீர். அப்ப எனக்குத் தெரியாது. நேற்றுத்தான் தெரிஞ்சது.

பிரசாந்துக்குத் தொரன்டோவில பெண் பேசி முடிச்சிட்டினம். அங்கத்தைப் பெரிய மரக்கறி இறக்குமதிக்காரர் வீடு. அவையின்ர கடையளும் எங்கட வெயார்ஹவுசும் ஒண்டாகுது. பெண்ணின்ர பேர் எனக்கு இன்னும் சரியாத் தெரியாது. கஜாவின்ர ஆண்டுத் திவசம் முடிய, மாசியில கலியாணம். புரட்டாதியில அவை வந்து மண்டபமும் வீடும் பாப்பினம்.

மத்தியானச் சாப்பாட்டில அப்பா சொன்னதை அப்பிடியே எழுதுறன். "விட்டிட்டுப் போன பெண்டாட்டி எண்டால் அவை பெண் தராயினம். செத்த பெண்டாட்டி எண்டால் தருவினம். படம் வாசலில இருக்கட்டும். நாங்கள் வாய் திறந்து ஒண்டும் சொல்லத் தேவையில்லை." சொல்லிப்போட்டு மோர் கேட்டார். நான் ஊத்தினன்.

ஐப்பசியில பிரசாந் அங்கை போறான், கடையைப் பொறுப்பெடுக்க. அம்மாவும் போறா, வீடு பாக்க. மிதுராவும்.

அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. பிரசாந்துக்குத் தெரிஞ்சிருக்கு. மேசையில எனக்கு மட்டும்தான் புதுக்கதை. நான் கரண்டியோட நிண்டுகொண்டிருந்தன். "எல்லாம் முடிஞ்ச பிறகுதான் எனக்குத் தெரியும்" எண்டு கஜா சொன்னது, அந்த நேரம் பாத்து ஞாபகம் வந்தது. அவ இந்த வீட்டுக்கு வெளியிலை இருந்து வந்தவ, அதால சொல்லாமல் விடுகினம் எண்டு நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்.

மிதுராவுக்குத் தலை இழுத்துக் கட்டுறது நான். காச்சல் எண்டால் எழும்புறது நான். என்ர பிள்ளை இல்லை எண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் செய்தனான்.

புரட்டாதி முதல் கிழமை படம் வேணுமாம். நீர் என்ன செய்தாலும் நான் குறுக்கை வரமாட்டன்.

மலர்


செயின்ட்-மிஷேல்
24 ஆகஸ்ட் 2023

மலரக்கா,

உங்கள் கடிதம் வந்தபோது கொடி வரைந்து முடித்திருந்தேன். பூச்சு ஈரம். துணியை எடுத்துத் துடைத்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கீழே வெறும் கழுத்து. கார்த்திகையில் என் வீட்டில் நடமாடிய கழுத்து.

ஒரு நாள் முழுதும் அப்படியே வைத்திருந்தேன். சந்தோஷமாக இருந்தேன்.

அந்தக் காலத்தில் துரோகிகளைத் தலைகீழாகத் தொங்குகிறமாதிரி அரச கட்டடச் சுவரில் வரைந்து வைப்பார்கள். ஊர் முழுக்கப் பார்க்கும். ஒரு குடும்பத்தை அழிக்க ஒரு படம் போதும். அதை நினைத்துக்கொண்டு கழுத்தைப் பார்த்தேன். தொரன்டோக்காரர் வருவார்கள், பார்ப்பார்கள், கேட்பார்கள். கூறைச் சேலை கட்டிய பெண், கழுத்தில் ஒன்றும் இல்லை.

பிறகு விளங்கியது. அவர்கள் பார்க்கமாட்டார்கள். வாசலுக்கு வருவதற்கு முன்னமே உங்கள் அப்பா அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். சென்னையிலிருந்து ஒன்று வரும். கலியாணமும் நடக்கும், மிதுராவும் போவாள். நான் மட்டும் வென்றிருப்பேன். அக்காவின் முகம் இருக்கிற ஒரே படம் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். மிதுரா வருடத்தில் ஒரு தரம் இங்கே வந்தால், வாசலில் அவளைப் பார்க்கப்போவது யாரோ ஒரு நடிகை.

கழுத்தைக் கொடுத்துவிட்டு முகத்தை வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தேன்.

கொடியைத் திரும்ப வரைந்தேன். இந்தத் தரம் நன்றாக வந்தது. தங்கம் வரைவது லேசு. மஞ்சள், மண்ணிறம், ஒரு புள்ளி வெள்ளை. பார்க்கிறவர்களின் கண் மிச்சத்தைச் செய்துவிடும்.

சனிக்கிழமை மிதுராவிடம் படத்தைக் காட்டவில்லை. துணியால் மூடி வைத்திருந்தேன். முதலில் அதைச் சுவரில் பார்க்கட்டும். வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் வண்ணம் மட்டும்தான் தெரியும்.

வேனை அனுப்புங்கள்.

தாட்சா


சென்ட் லோரன்ட்
18 செப்டம்பர் 2023

தாட்சா,

இதை எழுதலாமோ எண்டு ஒரு கிழமை யோசிச்சன். ஆரும் சொல்லி உமக்குத் தெரியிறதை விட நான் எழுதுறது நல்லது.

அவை வந்தினம். ஏழு பேர். அப்பா மண்டபத்து லைற் எல்லாத்தையும் போட வைச்சார். வாசலில படம். பெண்ணின்ர தாய் முன்னாலை போய் நிண்டு, கையைக் கூப்பினா. "பூவும் பொட்டுமாப் போன மகராசி" எண்டு சொன்னா. அப்பா கீழை பாத்துக்கொண்டு நிண்டார். சரியாச் செய்தார்.

அம்மா சொன்னா, "அப்பிடியே கஜாதான்." கோயில் ஆக்களும் வந்திருந்தினம், அவையும் சொல்லிச்சினம். இரவிச்சந்திரனின்ர மனிசிகூட. "உயிரோட நிக்கிற மாதிரி."

நான் மிதுராவைத் தூக்கி வைச்சிருந்தனான். அவளுக்குப் புதுச் சட்டை, நல்லாக் கடிச்சுது போல, நெளிஞ்சுகொண்டு இருந்தாள். படத்தைக் கண்டவுடனை நெளியிறதை விட்டிட்டுக் கையை நீட்டினாள். முகம் மலர்ந்து போச்சு. நான் நினைச்சன், கண்டுபிடிச்சிட்டாள், கடவுளே எண்டு.

"சின்னம்மா" எண்டாள்.

எல்லாரும் சிரிச்சினம். "இல்லையம்மா, அது அம்மா" எண்டு அப்பா சொன்னார். "இல்லை, சின்னம்மா. சின்னம்மா ஏன் சங்கிலி போட்டிருக்கிறா?" எண்டாள். பிள்ளை தானே, சின்னம்மாதானே கீறினவ, அதைச் சொல்லுறாள் எண்டு அம்மா சமாளிச்சா. அவை சாப்பிடப் போட்டினம்.

பிரசாந் போகேல்லை. அவன் படத்தைப் பாத்துக்கொண்டு கன நேரம் நிண்டான். பேந்து என்னட்டைக் கேட்டான், "அக்கா, கஜாவுக்கு இந்தக் கன்னத்திலதானே குழி விழுறது?" நான் ஓம் எண்டன். எனக்கு ஞாபகம் இல்லை தாட்சா. அவனுக்கும் இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் உம்மட கன்னத்தைப் பாத்துக்கொண்டு நிண்டம்.

பேந்து நானும் பாத்தன். பிள்ளை சொன்னதுதான் சரி.

ஐப்பசி நடுப்பகுதியில போகினம். அதுக்கு முதல் ஒரு சனிக்கிழமை கொண்டு வரலாமோ எண்டு கேட்டன். "படம் முடிஞ்சுதுதானே" எண்டார் அப்பா.

மலர்


செயின்ட்-மிஷேல்
12 நவம்பர் 2023

மலரக்கா,

பதில் எழுத நாள் எடுத்தது.

நான் மண்டபத்துக்குப் போனேன். உங்களுக்குச் சொல்லவில்லை. சென்ட் லோரன்டுக்கு மெட்ரோ, பிறகு பஸ். அன்றைக்கு அங்கே யாருடையதோ பூப்புனித நீராட்டு விழா. வாசலில் பன்னீர் தெளித்தார்கள். கற்கண்டு தந்தார்கள். யாரும் என்னை அடையாளம் காணவில்லை. படத்துக்குக் கீழேதான் நின்றேன்.

நான்தான். நெற்றியும் மயிரும் அவளுடையவை. மற்றதெல்லாம் கண்ணாடியில் இருந்து வந்தது. ஒவ்வொரு தரமும் மூக்கை அழித்தேனே, அழித்து வரைந்த ஒவ்வொரு தரமும் என் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கிறது. நேரம் எடுக்க எடுக்க அவள் போயிருக்கிறாள். ஒரே மாதத்தில் முடித்துக் கொடுத்திருந்தால் அது கஜாவாக இருந்திருக்கும். மிதுராவும் நாலைந்து சனிக்கிழமைகளோடு போயிருப்பாள்.

வீட்டார் எல்லாரும் அவள்தான் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதனால் அது அவள்தான். இனி உங்கள் வீட்டில் யாராவது கஜாவை நினைத்தால் என் முகம் வரும். எனக்கே சில நாள் அப்படி வருகிறது.

ஆய்வேட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன். கிறகரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

இப்போது சின்னதாக ஒன்று வரைந்திருக்கிறேன். கரித்துண்டு, கடதாசி, கையளவு. ஃபோட்டோ பார்க்கவில்லை. கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டேன். என் வீட்டில் இருந்த அந்த இரண்டு மாதமும் அவள் குசினியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கோப்பை கழுவுவாள். மயிரை மிதுராவின் றப்பர் வளையத்தால் உயர்த்திக் கட்டியிருப்பாள். பின்கழுத்தில் கொடி கிடந்த இடம் மட்டும் வெளிறி இருக்கும். ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், பிள்ளை தூக்கித் தூக்கி. அதைத்தான் வரைந்தேன். முகம் இல்லை. சந்தேகம் இருந்த ஒரு கோட்டையும் போடவில்லை.

மிதுராவுக்கு அனுப்ப வேண்டும். யார் என்று எழுதமாட்டேன். அவளுக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. அவளிடம் இருக்கட்டும்.

தொரன்டோ விலாசத்தை எழுதி அனுப்புங்கள்.

தாட்சா


சென்ட் லோரன்ட்
3 டிசம்பர் 2023

தாட்சா,

விலாசம் கேட்டிருந்தீர். எனக்கும் தரேல்லை.

அப்பாவிட்டைக் கேட்டன். "உனக்கு என்னத்துக்கு?" எண்டார். பிரசாந்துக்கு மெசேஜ் போட்டன். "பேந்து சொல்லுறன் அக்கா" எண்டு போட்டான். வீடு மாறுகினமாம். பெண் வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்த வீடாம். அம்மாவிட்டைக் கேட்டால், "நாங்கள்தானே வருவம், நீ என்னத்துக்கு வரப் போறாய்" எண்டுறா. ஞாயிற்றுக்கிழமையில அப்பாவின்ர போனுக்கு வீடியோக் கோல் எடுப்பினம். நான் அவருக்குப் பின்னாலை நிண்டு கையைக் காட்டுவன். போன கிழமை மிதுரா கேட்டாள், "மாமி, சுவரில நிக்கிற சின்னம்மாவைக் காட்டுங்கோ." அப்பா போனைத் திருப்பி மேசையில வைச்சிட்டார்.

காட்டவும் ஏலாது. மண்டபத்துக்குப் புதுப் பெயின்ற் அடிக்கினம், கலியாணத்துக்கு. முதல் தாரத்தின்ர படத்துக்குக் கீழாலை மாப்பிள்ளை உள்ளை வரக்கூடாதாம். வெயார்ஹவுசுக்குக் கொண்டு வந்திட்டினம். நான் கணக்குப் பாக்கிற மேசைக்கு நேரை, பருப்பு மூட்டையளில சாய்ச்சுக் கிடக்கு. தூசு பிடிக்கும் எண்டு பிளாஸ்ரிக் சுத்தினன். இப்ப அதுக்குள்ளாலை பாத்தால் நீரும் இல்லை, கஜாவும் இல்லை. ஆரோ ஒரு பொம்பிளை கொடி போட்டுக்கொண்டு நிக்கிறா.

கோப்பை கழுவுற படத்தை எனக்கு அனுப்பட்டோ எண்டு அடுத்த கடிதத்தில கேப்பீர். உம்மைத் தெரியும். அனுப்பாதையும். உம்மோடையே வைச்சிரும். விலாசம் கிடைச்சால் நான் எழுதுறன், கிடைக்காட்டியும் எழுதுறன்.

இந்த வீட்டில எட்டு அறை இருக்கு தாட்சா. ஒரு படம் கொழுவ எனக்கெண்டு ஒரு சுவர் இல்லை.

மலர்